மார்க் எடுக்குற பசங்க வேலைக்கு ஏன் ரெடியா இல்ல? ஒரு இன்ஸ்ட்ரக்டரோட கேள்வியும் என் பதிலும்

கேள்வி: ஐயா வணக்கம். நான் ஒரு டெக்னிக்கல் ஸ்கூல்ல 7 வருஷமா மெஷினிஸ்ட் பிரிவுக்கு இன்ஸ்ட்ரக்டரா இருக்கேன், வயசு 33. வகுப்புல 24 பேர், 6 லேத், 1 மில்லிங் மெஷின், எல்லாமே பழசு. பரிட்சையில பசங்க நல்ல மார்க் எடுக்குறாங்க. ஆனா ஆள் எடுக்க வர்ற கம்பெனிக்காரங்க பாத்துட்டு "வேலைக்கு ரெடியா இல்ல"னு சொல்லிட்டு போயிடுறாங்க. எடுத்த பசங்கள்லயும் பாதிப் பேர் ரெண்டு மூணு மாசத்துல திரும்பி வந்துடுறாங்க. என்னதான் குறைனு கேட்டா ஒருத்தர் சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் புரோகிராம்ல ஓடுற மெஷின், தெரியலங்கறார், இன்னொருத்தர் கம்யூனிகேஷன் இல்லங்கறார், மூணாவது ஆள் ஆட்டிடியூட் சரியில்லங்கறார். எங்க நிர்வாகம் ஒரு சிஎன்சி மெஷின் வாங்கலாம்னு யோசிக்குது, வாங்குனா கையில இருக்குற மொத்தப் பணமும் அதுக்கே போயிடும். நான் எங்கேருந்து ஆரம்பிக்கணும்?

பதில்: வணக்கம் தம்பி. வயசை எழுதியிருக்கீங்க, அதனால தம்பினே கூப்பிடுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் 26 வருஷம் மெஷின் ஷாப்ல இருந்தவன், டிரெய்னியா நுழைஞ்சு ஃபோர்மேன் ஆனேன், கடைசி சில வருஷம் புதுசா சேர்ற பசங்களுக்கு டிரெய்னிங் குடுக்குறதுதான் என் வேலை. அதனால உங்க ஸ்கூல்லேருந்து வெளிய வர்ற பையன் முதல் நாள் எப்படி நிப்பான்னு எனக்கு நல்லாவே தெரியும்.

அந்த மூணு பேரும் மூணு விதமா சொன்னாங்கனு எழுதியிருக்கீங்க இல்ல, எனக்கு அது மூணும் ஒரே குறையாதான் படுது. உங்க பசங்க ரெண்டு வருஷமா செய்ற எந்தப் பொருளையும் அடுத்த ஆள்னு ஒருத்தர் கையில வாங்கி மாட்டிப் பாத்ததே கிடையாது. டிராயிங் குடுக்குறது நீங்க, அளந்து பாக்குறது நீங்க, மார்க் போடுறது நீங்க, அதுக்கப்புறம் அந்த ஜாப் ஸ்க்ராப் பெட்டிக்கு போயிடுது. ஃபேக்டரியில அப்படி ஒரு பீஸ் கூட கிடையாது, ஒவ்வொரு பீஸுக்கும் பின்னாடி அசெம்ப்ளிக்காரரோ கிரைண்டிங்காரரோ ராத்திரி ஷிஃப்டுக்கு வர்றவரோ யாரோ ஒருத்தர் கை நீட்டிக்கிட்டு நிக்கிறார். அந்த ஆளை உங்க பசங்க மனசுல கொண்டாந்துட்டா மீதி தானா ஓரளவு சரியாகும், அதைக் கொண்டாராம எந்த மெஷின் வாங்கிப் போட்டாலும் இதே பேச்சைத்தான் திரும்பக் கேப்பீங்க.

ஒரு விஷயம் சொல்றேன். ஒரு டிரெய்னி இருந்தான், கை சுத்தம், கோணல் மாணல் இல்லாம வேலை செய்வான், ஸ்கூல்ல முதல் மார்க்காம். ஒரு ஷாஃப்ட், 50 மில்லிமீட்டர் விட்டம், டாலரன்ஸ்னு சொல்ற அனுமதிச்ச அளவு வித்தியாசம் மேல பூஜ்யம் கீழ 0.016, அதாவது 49.984க்கு கீழ போகக் கூடாது. லேத்லேருந்து எடுத்த கையோட மைக்ரோமீட்டர் வெச்சான், 49.99 காட்டுச்சு, சந்தோஷமா ஓகேனு எழுதிட்டான். 20 பீஸ். மறுநாள் அசெம்ப்ளியில எல்லாம் லூஸ். போயி அளந்தா 49.973. பையன் அழுதே போயிட்டான், நான் பொய் சொல்லல சார், நான் அளந்தேன்ங்கறான். நிஜமாவே அளந்திருக்கான், ஆனா சூடா இருக்கும்போது அளந்திருக்கான். ஸ்டீல் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 0.0115 மில்லிமீட்டர் விரியும், இந்த 50 மில்லிமீட்டர் ஜாப் 30 டிகிரி கூடுதல் சூட்டுல இருந்தா 0.017 பெரிசா காட்டும், அவனோட மொத்த டாலரன்ஸே 0.016தான். அளவுங்கறது 20 டிகிரி செல்சியஸ்ல எடுக்குற அளவுனு ஐஎஸ்ஓங்கற சர்வதேச தர அமைப்போட முதலாம் நம்பர் ஸ்டாண்டர்டே சொல்லுது. பையன் அதைப் புத்தகத்துல படிச்சிருக்கான், பரிட்சையில எழுதியும் இருக்கான், கேட்டா அப்படியே ஒப்பிக்கிறான். ஆனா ஸ்கூல்ல அவன் ஜாப் ஆறினப்புறம் அதை எதுலயாவது மாட்டிப் பாக்கணும்னு யாருக்குமே அவசியம் வரல, அதனால அந்தப் பாடம் கைக்கு வந்து சேரவே இல்ல. இதுல பையனை மட்டும் குத்தம் சொல்லி என்ன ஆகப்போகுது?

இந்த எக்சர்சைஸ் ஜாப் முறை எங்கேருந்து வந்துச்சுனு தெரிஞ்சுக்கறது நல்லது, ஏன்னா நாம எல்லாரும் அதைக் கடவுள் குடுத்த பாடத்திட்டம் மாதிரி நினைக்கிறோம். 1868 வாக்குல மாஸ்கோவுல இம்பீரியல் டெக்னிக்கல் ஸ்கூலோட டைரக்டர் விக்டர் டெல்லா-வோஸ்ங்கறவர் ஒரு ஏற்பாடு பண்ணினார். அதுவரைக்கும் தொழில்னா ஒரு கைதேர்ந்த ஆள்கிட்ட வருஷக்கணக்கா கூடவே இருந்து கத்துக்கறது, அவர் அதைப் பிரிச்சு ஃபைலிங் தனி, டர்னிங் தனி, ஃபோர்ஜிங் தனினு சின்னச் சின்னப் பயிற்சியா, சுலபத்துலேருந்து கஷ்டத்துக்கு வரிசையா அடுக்கினார். ஒரே வாத்தியார் ஒரே நேரத்துல நிறைய பேருக்குச் சொல்லிக் குடுக்க முடிஞ்சது. 1876ல ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில அந்த மாதிரிப் பயிற்சிப் பொருள்களைக் கொண்டு வந்து வெச்சப்ப அமெரிக்காவுல எம்ஐடிங்கற தொழில்நுட்பக் கல்லூரியோட தலைவரா இருந்த ஜான் ரங்கிள் பாத்துட்டு உடனே தன்னோட இடத்துல ஆரம்பிச்சார், அங்கேருந்து பரவுச்சு. அது நல்ல முறைதான், நான் குறை சொல்லல, கை பழகுறதுக்கு அதைவிட சுருக்கமான வழி கிடையாது. ஆனா அந்த முறையில பயிற்சியையும் உற்பத்தியையும் வேணும்னேதான் பிரிச்சு வெச்சாங்க. பிரிச்சதை யாராவது ஒருத்தர் கடைசியில சேத்து வெக்கணும் இல்லையா, அதை நம்ம ஸ்கூல்கள்ல யாருமே செய்றதில்ல, அதுதான் 150 வருஷத்துக்கு அப்புறமும் இடிக்குது.

சரி, எப்படி சேக்கறதுனு சொல்றேன். இதுக்குப் பணம் வேண்டாம், உங்ககிட்ட இருக்குற 6 லேத் போதும்.

வகுப்பை ரெண்டாப் பிரிங்க. ஒரு பாதி ஷாஃப்ட் கடையட்டும், இன்னொரு பாதி அந்த ஷாஃப்ட் உள்ள போற ஓட்டை வெச்ச புஷ் செய்யட்டும். ரெண்டு கோஷ்டியும் ஒருத்தருக்கொருத்தர் பேசக் கூடாது, ஜாபைக் காட்டிக்கக் கூடாது, டிராயிங் மட்டும்தான் நடுவுல. முதல்ல டாலரன்ஸை தாராளமா குடுங்க, 0.1 குடுங்க. மாசம் போகப் போக இறுக்கிக்கிட்டே வாங்க, வருஷக் கடைசியில 25 எச்7 புஷ்ஷும் ஜி6 ஷாஃப்ட்டும் வரட்டும், அதாவது புஷ் 25.000லேருந்து 25.021க்குள்ள, ஷாஃப்ட் 24.980லேருந்து 24.993க்குள்ள. புஷ்ஷுக்கு ரீமர், அதாவது ஓட்டையை நுணுக்கமா பெரிசாக்குற டூல், போட்டா பழைய மெஷின்லயும் எச்7 வரும், ஷாஃப்ட்டுக்குக் கொஞ்சம் பொறுமை வேணும். அப்புறம் ஒரு நாள் எல்லாரையும் உக்கார வெச்சு, பெட்டியில போட்டுக் குலுக்கி, எந்த ஷாஃப்ட் வேணா எந்த புஷ்ல வேணா போகுதானு அவங்களே போட்டுப் பாக்கட்டும். போகலைனா அந்த ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து யார் பக்கம் தப்பு, எந்த ஸ்டெப்ல தப்புனு கண்டுபிடிச்சு எழுதித் தரணும். நீங்க வாயைத் திறக்காதீங்க. அந்தப் பத்து நிமிஷத்துல உங்க வகுப்புல நடக்குற பேச்சைக் கவனிச்சுப் பாருங்க தம்பி, "நீ எதை வெச்சு அளந்தே, ஜீரோ செக் பண்ணியா, ஓரத்துல நீட்டிக்கிட்டு நிக்கிற பர்ரை எடுத்தியா, எங்க பிடிச்சு அளந்தே"னு கேட்டுக்குவாங்க. கம்பெனிக்காரர் கம்யூனிகேஷன்னு சொன்னாரே, அது இதுதான். மேடையில நின்னு பேசத் தெரியணும்னோ இங்கிலீஷ் வேணும்னோ அவர் கேக்கல, அவருக்கே அதைச் சரியா சொல்லத் தெரியல, அவ்வளவுதான்.

24 பேருக்கு 6 லேத்துனா ஒரு மெஷினுக்கு 4 பேர். ஒருத்தன் ஓட்டுவான் மூணு பேர் வேடிக்கை பாப்பாங்க, எல்லா ஸ்கூல்லயும் இதுதான் நடக்குது, எனக்கு இதைப் பாத்தாலே வயித்தெரிச்சலா இருக்கும். அந்த மூணு பேருக்கும் வேலை இருக்கு. ஒருத்தர் ஆபரேட்டர், ஒருத்தர் இன்ஸ்பெக்டர், ஒருத்தர் பிராசஸ் ஷீட் எழுதுறவர், அதாவது எதை முதல்ல பிடிச்சு எதை அடுத்து கடையணும், என்ன ஸ்பீடு, என்ன ஃபீடு, என்ன டூல்னு முன்னாடியே எழுதி வெக்கணும், நாலாவது ஆள் டூல் கிரைண்டிங், ஆயில், சுத்தம் பாக்கணும். தினமும் மாத்தி மாத்தி. இன்ஸ்பெக்டரா நிக்கிற பொண்ணு தன்னோட ஃப்ரெண்ட் செஞ்ச ஜாபையே ரிஜெக்ட் பண்ணி கையெழுத்து போடணும், அது சாதாரண விஷயம் இல்ல, பெரிய பெரிய ஆளுங்களுக்கே அந்த தைரியம் வர வருஷம் ஆகும்.

இப்ப மார்க் விஷயம். இதுல நான் கொஞ்சம் கோபமாவே எழுதுவேன், மன்னிச்சுக்கோங்க.

நான் இருந்த ஒரு இடத்துல ஒரு டிரெய்னி ஒரு பிளேட்ல எம்8 டேப் போட்டுக்கிட்டு இருந்தான், அதாவது ஓட்டைக்குள்ள மரை வெட்டிக்கிட்டு இருந்தான். டேப் உள்ள உடைஞ்சு போச்சு. அவன் என்ன பண்ணினான் தெரியுமா, யாருக்கும் சொல்லல, ஒரு போல்ட்டை எடுத்து பாதியா வெட்டி, மேல ரெண்டு மூணு சுத்து மட்டும் பிடிக்கிற மாதிரி மாட்டி, மத்த போல்ட் மாதிரியே தெரியுற மாதிரி பண்ணிட்டான். கண்ணால பாத்தா கண்டுபிடிக்க முடியாது. மூணு வாரம் கழிச்சு மெஷின் ஓடும்போது அந்த பிளேட் தூக்கிக்கிட்டு வந்துச்சு, நல்லவேளை பக்கத்துல யாரும் இல்ல. விசாரிச்சப்ப அவன் ஒத்துக்கிட்டான். கெட்ட பையனே கிடையாது, இன்னிக்கும் நான் அப்படித்தான் சொல்லுவேன். ஆனா அவன் படிச்ச இடத்துல டேப் உடைச்சா மார்க் கட், மறைச்சுட்டா முழு மார்க். ரெண்டு வருஷம் அவன் தினமும் கத்துக்கிட்டது அதைத்தான், த்ரெட்டிங்கை இல்ல.

அதனால உங்க மார்க் ஷீட்டை மாத்துங்க. தப்பு நடந்து தானா வந்து சொன்னா கொஞ்சம்தான் குறையணும், தப்பு மறைஞ்சிருந்து அடுத்த ஆள் கண்டுபிடிச்சா அந்த ஜாபுக்கு மார்க்கே இருக்கக் கூடாது. இதை முதல் நாளே எழுதி சுவத்துல ஒட்டிடுங்க. அப்புறம் வந்து சொல்ற பையனை எல்லார் முன்னாடியும் திட்டாதீங்க, ஒரே ஒரு தடவை திட்டினா போதும், அதுக்கப்புறம் யாரும் வந்து சொல்ல மாட்டாங்க. நான் ஆள் எடுக்குறப்ப கேக்குற முதல் கேள்வியே "நீ இதுவரைக்கும் எதைக் கெடுத்திருக்கே"ங்கறதுதான். முக்கால்வாசிப் பேர் ஒண்ணும் கெடுக்கலனுவாங்க, அவங்களை நான் எடுக்க மாட்டேன். ஒரு பொண்ணு சொல்லுச்சு, சார் த்ரெட் வெட்டும்போது ஹாஃப் நட்டை டயல்ல தப்பான கோட்டுல போட்டுட்டேன், ரெண்டாவது பாஸ்ல த்ரெட் மேல த்ரெட் விழுந்துடுச்சு, அதுக்கப்புறம் வெட்டுறதுக்கு முன்னாடி சும்மா காத்துல ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டுதான் வெட்டுவேன்னு. அந்த ஒரு பதிலுக்கே எடுத்தேன், நல்லா வந்துச்சு.

ஷிஃப்ட் மாறும்போது எழுதி வெக்கிற நோட்டையும் பழக்குங்க. உங்க ஸ்கூல்ல காலையில ஒரு பேட்ச், மத்தியானம் ஒரு பேட்ச் இருந்தா இன்னும் நல்லது, ஒரே ஜாபைக் காலை பேட்ச் பாதியில விட்டுட்டு போகட்டும், மத்தியான பேட்ச் நோட்டைப் படிச்சுட்டு தொடரட்டும். ஆரம்பத்துல "மெஷின் சரியில்ல"னு எழுதுவாங்க. அதை வெச்சு அடுத்தவர் என்ன பண்ண முடியும்? ஒரு மாசம் விடாம பண்ணினா இந்த மாதிரி எழுத வரும்: "10 மணியிலேருந்து வெளி விட்டம் கொஞ்சம் கொஞ்சமா ஏறுது, ரெண்டு தடவை 0.02 குறைச்சுக் குடுத்தேன், டூல் முனை தேஞ்சிருக்கும்னு நினைக்கிறேன், இன்னும் மாத்தல, கடைசி 5 பீஸ் அளக்காம சிவப்புத் தட்டுல வெச்சிருக்கேன்." இந்த மாதிரி நாலு வரி எழுதத் தெரிஞ்ச பையன் கிடைச்சா நான் அவனோட சர்டிஃபிகேட்டைத் திருப்பிக் கூட பாக்க மாட்டேன். இங்கயும் பாருங்க, எழுதுறப்ப அவன் மனசுல அடுத்த ஆள் நிக்கிறார்.

சேஃப்டியும் இதே கதைதான். ஹெல்மெட், ஷூ, கண்ணாடினு சார்ட் ஒட்டி வெச்சிருப்பீங்க, சரிதான். ஆனா எலக்ட்ரிக்கல் பிரிவுப் பசங்ககிட்ட ஒரு விஷயம் கேளுங்க, லைன் ஆஃப் ஆயிடுச்சுனு எப்படி தெரிஞ்சுக்குவேனு. டெஸ்டர் வெச்சுப் பாப்பேன்னுவாங்க. டெஸ்டரே செத்துப் போயிருந்தா? அதனாலதான் முதல்ல கரண்ட் இருக்குறது நிச்சயமா தெரிஞ்ச இடத்துல டெஸ்டரை வெச்சு அது வேலை செய்யுதானு பாக்கணும், அப்புறம் வேலை செய்யப்போற லைன்ல பாக்கணும், அப்புறம் திரும்பவும் அந்த முதல் இடத்துக்கே போய் டெஸ்டர் இன்னும் உயிரோட இருக்கானு பாக்கணும். மூணு தொடல். இதை ஒரு அரை நிமிஷத்துல செஞ்சுடலாம், ஆனா கை பழகலைனா யாரும் செய்ய மாட்டாங்க. அதே மாதிரி மெயின் ஸ்விட்சுல ஆளுக்கு ஒரு பூட்டு, அவங்கவங்க சாவி அவங்கவங்க பாக்கெட்டுல. நாலு பேர் வேலை செஞ்சா நாலு பூட்டு தொங்கணும், கடைசி ஆள் பூட்டைத் திறக்குற வரைக்கும் ஸ்விட்ச் போட முடியாது. உங்க வொர்க்ஷாப்ல மெஷினைத் துடைக்கிற நாள்லயே இதைக் கொண்டாந்துடுங்க. ஒரு சாதாரண பேட்லாக்கும் பேர் எழுதுன அட்டையும் போதும்.

சிஎன்சி வாங்கலாமானு கேட்டீங்க. இப்ப வாங்காதீங்க. வேண்டாம்னு சொல்லல, மொத்தப் பணத்தையும் மெஷின்ல போட்டுட்டா இன்சர்ட், டூல் ஹோல்டர், கூலன்ட், சர்வீஸ் இதுக்கெல்லாம் எங்க போவீங்க? ஒரு போர்டு போனா மாசக்கணக்குல துணி போத்தி வெச்சிருப்பாங்க, நான் அப்படி போத்தி வெச்ச மெஷினை எத்தனை ஸ்கூல்ல பாத்திருக்கேன் தெரியுமா, விசிட்டர் வந்தா மட்டும் துணியை எடுப்பாங்க. அதுவுமில்லாம 24 பேருக்கு ஒரு மெஷின் வந்தா ஒருத்தருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்னு கணக்குப் போட்டுப் பாருங்க. கம்ப்யூட்டர்ல சிமுலேட்டர் போட்டு புரோகிராம் எழுதவும், வொர்க் ஆஃப்செட், டூல் ஆஃப்செட்னா என்னனு புரிஞ்சுக்கவும் பழக்கலாம். அப்புறம் பக்கத்துல இருக்குற ஏதாவது ஒரு ஷாப்ல வாரத்துல சில மணி நேரம் மெஷின் காலியா இருக்குமானு கேட்டு 4 பேர் 4 பேரா அனுப்புங்க. லேத்துல டூல் முனை எங்க உரசுது, சிப் எப்படி வருது, சத்தம் எப்ப மாறுதுனு கைக்கும் காதுக்கும் தெரிஞ்ச பையன் சிஎன்சியைச் சீக்கிரம் பிடிச்சுக்குவான், நான் எத்தனையோ பேரைப் பாத்துட்டேன். பட்டன் மட்டும் தெரிஞ்ச பையன் முதல் பீஸ் ரிஜெக்ட் ஆனதும் திரும்பி என் முகத்தைப் பாப்பான்.

மிச்சம் இருக்குற பணத்துல நல்ல அளவுக்கருவி வாங்குங்க. மைக்ரோமீட்டர், டயல் இண்டிகேட்டர், கோ நோ-கோ கேஜ், ஒரு செட் ஸ்லிப் கேஜ், ஒரு சர்ஃபேஸ் பிளேட். பசங்க வெர்னியரை மட்டும் வெச்சுக்கிட்டு 0.02க்குள்ள எல்லாம் பேசுறாங்க, அந்தக் கருவியோட லீஸ்ட் கவுண்டே, அதாவது அது காட்டுற மிகச் சின்ன அளவே, 0.02தானே, அதை வெச்சு 0.016 டாலரன்ஸை எப்படிப் பாக்க முடியும்.

கம்பெனிக்கு என்ன வேணும்னு கேக்குறதுலயும் ஒரு முறை இருக்கு. நீங்க ஹெச்ஆர் கிட்ட கேட்டீங்க, அதனாலதான் ஆட்டிடியூட்னு பதில் வந்துச்சு. 1960கள்ல கனடாவுல டாகம்னு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, இன்னிக்கும் பல நாட்டுல பாடத்திட்டம் போட அதைத்தான் வெச்சுக்குறாங்க. அதுல அந்த வேலையை நிஜமா செய்ற கைதேர்ந்த தொழிலாளிங்க 5லேருந்து 12 பேர் வரைக்கும் ஒரு ரூம்ல ரெண்டு நாள் உக்காருவாங்க, காலையில வந்ததுலேருந்து போற வரைக்கும் என்னென்ன செய்றோம்னு ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல அட்டையில எழுதி சுவத்துல ஒட்டிக்கிட்டே போவாங்க. முதலாளிகிட்டயோ மேனேஜர்கிட்டயோ கேக்க மாட்டாங்க, மெஷின்கிட்ட நிக்கிற ஆள்கிட்டதான் கேப்பாங்க. உங்களால ரெண்டு நாள் முடியலைனா ஒரு ஞாயித்துக்கிழமை உங்க பழைய மாணவர்கள்ல 6 பேரைக் கூப்பிடுங்க, வேலையில நிலைச்சு நிக்கிறவங்க மூணு பேர், விட்டுட்டு வந்தவங்க மூணு பேர். விட்டுட்டு வந்தவங்க சொல்றதை இன்னும் கவனமா கேளுங்க. நான் பாத்த வரைக்கும் முதல் ரெண்டு மாசத்துல ஓடி வர்ற பசங்கள்ல நிறைய பேர் வேலை தெரியாம வர்றதில்ல, 8 மணி நேரம் நின்னு பழகாம கால் வீங்கி வர்றாங்க, கேள்வி கேட்டா திட்டு விழுமோனு பயந்து வாய மூடிக்கிட்டு தப்பு பண்ணி வர்றாங்க. அதனால கடைசி டெர்ம்ல ஒரு ரெண்டு வாரமாவது வொர்க்ஷாப்பை முழு ஷிஃப்டா நடத்துங்க, சரியான நேரத்துக்கு வந்து, 8 மணி நேரம் நின்னு, ஒரே ஜாபை 30 தடவை செஞ்சு, முதல் பீஸும் முப்பதாவது பீஸும் ஒரே சைஸா இருக்கானு பாக்கட்டும். ஒரு பீஸை நல்லா செய்றது வேற, முப்பதையும் ஒரே மாதிரி செய்றது வேற.

ஜெர்மனி பத்தி எல்லாரும் பேசுவாங்க. அங்க ஒரு பையன் வாரத்துல மூணு நாலு நாள் கம்பெனியிலயும் ஒண்ணு ரெண்டு நாள் ஸ்கூல்லயும் இருப்பான், மெஷின் சம்பந்தப்பட்ட தொழில்னா மொத்தம் மூணரை வருஷம், 1969லயே இதுக்குனு சட்டம் போட்டுட்டாங்க. நமக்கு அதை அப்படியே கொண்டாற முடியாது, கம்பெனிங்க செலவைப் பகிர்ந்துக்கணும், சங்கங்கள் வேணும், அது பெரிய கட்டமைப்பு. ஆனா அதுல ஒண்ணை மட்டும் நாளைக்கே எடுத்துக்கலாம். அங்க இறுதிப் பரிட்சைக்கு மார்க் போடுறது சொல்லிக் குடுத்த வாத்தியார் மட்டும் கிடையாது, முதலாளிங்க சார்பா, தொழிலாளிங்க சார்பா, தொழிற்பள்ளி சார்பானு மூணு பக்கத்துலேருந்தும் ஆள் உக்காந்த குழு போடுது. நீங்களும் டெர்ம் முடிவுல ஒரு ஷாப்லேருந்து ஒரு ஃபோர்மேனையும் ஒரு ஆபரேட்டரையும் கூப்பிட்டு பசங்களோட ஜாபை அளக்க விடுங்க. அரை நாள் வேலைதான், பெரும்பாலானவங்க சந்தோஷமா வருவாங்க. அவங்க அளக்கும்போது பசங்க பக்கத்துல நிக்கட்டும். உங்ககிட்ட கேக்குற திட்டைவிட அந்த ஆளோட ஒரு "ம்ஹூம்" ரொம்ப தூரம் போகும்.

கம்பெனிக்காரங்க பக்கமும் ஒண்ணு சொல்லணும், அதைச் சொல்லாம விட்டா நான் நேர்மையா எழுதினதா ஆகாது. வேலைக்கு ரெடியா இல்லனு சொல்றவங்கள்ல சில பேர் டிரெய்னிங்குக்கு ஒரு ஆளும் வெக்க மாட்டாங்க, ஒரு வாரமும் ஒதுக்க மாட்டாங்க, முதல் நாளே மெஷின்ல நிறுத்தி டார்கெட் குடுப்பாங்க. அவங்களோட மெஷின், அவங்களோட ஃபார்ம், அவங்களோட மெட்டீரியல் எல்லாம் அவங்கதான் சொல்லிக் குடுக்கணும், எந்த ஸ்கூலும் அதைக் குடுக்க முடியாது. இரண்டாம் உலகப்போர் சமயத்துல அமெரிக்காவுல ஃபேக்டரி முழுக்க புது ஆளுங்க வந்து நின்னப்ப, சூப்பர்வைசர்களுக்கு எப்படி வேலை சொல்லிக் குடுக்கணும்னு நாலு படியா பழக்குனாங்க: கத்துக்க வர்றவரை முதல்ல பயம் போக்கித் தயார் பண்ணு, வேலையைச் செஞ்சு காட்டு, அவரையே செய்ய விட்டு ஏன் அப்படிச் செய்றேனு சொல்ல வை, அப்புறம் தனியா விட்டுட்டு அப்பப்ப போய்ப் பாரு. சொல்லிக் குடுக்குறதும் ஒரு தொழில்னு அன்னிக்கே புரிஞ்சுக்கிட்டாங்க. பையனை டிரெய்னிங்குக்கு அனுப்புறதுக்கு முன்னாடி அந்தக் கம்பெனியில யார் பாத்துக்குவாங்க, எந்த வாரம் எந்த மெஷின்னு எழுதி வாங்குங்க. குடுக்க மாட்டேன்னா அனுப்பாதீங்க, அங்க அவனை பெட்டி தூக்க மட்டும்தான் வெச்சுக்குவாங்க. அதே மாதிரி ஒரே ஒரு கம்பெனிக்காக மட்டும் பாடத்தை வளைச்சுடாதீங்க, அவங்க நாளைக்கு வேற ஊருக்குப் போயிட்டா உங்க பசங்க கதி என்ன.

எல்லாத்தையும் ஒரே டெர்ம்ல ஆரம்பிக்க வேண்டாம், நிர்வாகம் பயந்துடும், நீங்களும் களைச்சுப் போயிடுவீங்க. முதல்ல ஷாஃப்ட்டும் புஷ்ஷும், கூடவே அந்த மார்க் விதி. ரெண்டும் போதும். பண்ணிட்டு எனக்கு எழுதுங்க, நல்லா நடந்துச்சுனு எழுதாம எத்தனை ஜோடி சேந்துச்சு, சேராததுல எத்தனை அளவுத் தப்பு, எத்தனை பர் எடுக்காதது, எத்தனை டேப்பர், அதாவது ஒரு முனை பெருத்ததுனு எண்ணோட எழுதுங்க. முதல் தடவை 12 ஜோடியில 4 சேந்தாலே பெரிசு, அதைப் பாத்துட்டு பசங்க மேல கோவிச்சுக்காதீங்க, சேராத எட்டையும் தூக்கிப் போடாம பேர் எழுதி ஷெல்ஃப்ல வெச்சிருங்க, அடுத்த பேட்ச்சுக்கு முதல் நாள் பாடமே அதுதான்.